ஏரிக்கரை மாளிகையும் நமது வீடும்

(கிள்ளான் வட்டாரத் தோட்டக் கிளைகளின் கூட்டத்தில், தோட்டக் கிராணியும் சங்க ஊழியருமான தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், போனஸ், மருத்துவம் என்றே பேசுவது நம் வழக்கம். அவற்றை நமக்கு முன் பேசிய நண்பர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பொருள் வீடு. ஒழுகும் லயத்துக் கூரையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்துவிடலாம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அண்மைக் காலமாக நம் பிள்ளைகளின் வாயில் வேறொரு வீடு அடிபடுகிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

அது ஏரிக்கரை வீடு. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குப் போகும் நெடுஞ்சாலையில் இருபுறமும் அதன் விளம்பரப் பலகைகள் நிற்கின்றன. நீலத் தண்ணீர், பசும்புல், கண்ணாடிச் சுவர் வைத்த இரண்டு மாடிப் பங்களா, சைக்கிள் ஓட்டும் சிறுவன். தீபாவளிக்குத் துணி எடுக்கப் பிரிக்பீல்ட்ஸ் போகும் நம் குடும்பங்கள் வேன் சன்னல் வழியாக அவற்றைப் பார்த்துக்கொண்டே போகின்றன. நம் பையன்களில் சிலர் அந்த வீடுகளுக்குக் குளிர்சாதனம் பொருத்தப் போகிறார்கள். நம் பெண்களில் சிலர் அங்கே வீட்டு வேலைக்குப் போகிறார்கள். படித்து வந்த சிலர் அங்கேயே ஒரு வீடு வாங்கிவிட வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள்.

இதைக் கேட்டுக் கோபப்படும் பெரியவர்கள் உண்டு. "தோட்டத்துப் பிள்ளைக்கு ஏரிக்கரை மாளிகை கேட்கிறதா?" என்கிறார்கள். தோழர்களே, அப்படிப் பேசக்கூடாது. துரை பங்களா மேட்டிலும் லயம் பள்ளத்திலும் இருந்த காலத்தில் நமக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பேச்சு அது. நல்ல வீட்டை ஆசைப்படுவது குற்றமாகாது. அந்த ஆசை எதன்மேல் பிறக்கிறது, அதற்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு ஆசைப்பட வேண்டும். அவ்வளவே நாம் சொல்ல வந்தது.

ஏன் இழுக்கிறது?

முதலில் நியாயத்தைப் பேசுவோம். தண்ணீர் இருக்கும் இடம் குளிர்ச்சியாக இருக்கிறது. சாயங்காலம் கரையைச் சுற்றி நடக்கலாம். லாரிச் சத்தம் இல்லை. வாசலில் காவல் இருப்பதால் திருட்டுப் பயம் குறைவு. பிள்ளைகள் தெருவில் ஓடி விளையாடலாம். கூடம் பெரியதாக இருப்பதால் நலங்கு வைக்கவும் நாலு உறவுமுறை வந்தால் தங்கவைக்கவும் முடிகிறது. தாய் தகப்பனுக்குத் தரைத்தளத்தில் ஓர் அறை கொடுக்கலாம். மின்தூக்கி பழுதானால் ஏழாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏற வேண்டியதில்லை. இவற்றில் எது கெட்ட ஆசை? ஒன்றுமில்லை.

இவற்றோடு இன்னொன்றும் கலந்திருக்கிறது. மூன்று தலைமுறை அடுத்தவன் கட்டிய வரிசை வீட்டில், அடுத்தவன் அடித்த சுண்ணாம்புக்குள், அடுத்தவன் நினைத்தால் காலி செய்ய வேண்டிய நிலையில் இருந்தவன், "இதோ பார், என் வீடு" என்று உலகத்துக்குக் காட்ட நினைக்கிறான். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். தனி வளை கிடைக்காமலே இருந்தவனுக்கு, கிடைக்கும்போது மாளிகையாகவே கிடைக்கட்டும் என்று தோன்றுவது மனித இயல்பு.

அந்த மண் எந்த மண்?

இனி அந்த வீடுகள் நிற்கும் இடத்தைப் பாருங்கள். பெட்டாலிங் ஜெயா என்னும் நகரமே 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்தை எடுத்துக் கட்டப்பட்டது. சுபாங் ஜெயா 1970களின் பிற்பாதியில் சீபீல்டு தோட்டத்தில் எழுந்தது. ஷா ஆலாம் பக்கத்துப் புக்கிட் ஜெலுத்தோங் கத்ரி கம்பெனியின் தோட்டமாக இருந்தது. கிள்ளானுக்கு அருகே பண்டார் புக்கிட் ராஜா, புக்கிட் ராஜா தோட்டத்து மண். செத்தியா ஆலாம், நார்த் ஹம்மோக் தோட்டத்து மண். எல்மினா தோட்டம் இன்று எல்மினா நகரம். அதில் ஏரிகளும் உண்டு, ஏரிக்கரை வீடுகளும் உண்டு.

தோட்டம் போனாலும் சில இடங்களில் ஒன்று மட்டும் பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அது நம் தமிழ்ப்பள்ளி. சுபாங் ஜெயாப் பக்கம் சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி என்றும், செத்தியா ஆலாமில் நார்த் ஹம்மோக் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்றும் பெயர்ப்பலகை நிற்கிறது. ஒரு பால்மரம்கூட இல்லாத ஊரில் "தோட்டம்" என்ற சொல் பள்ளிக்கூட வாசலில் மட்டும் மிச்சம்.

எல்லாவற்றிலும் பெரிய உதாரணம் புத்ராஜெயா. முதல் உலகப் போர் முடிந்து வந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் 1920களின் தொடக்கத்தில் அங்கே ஒரு தோட்டம் திறந்தார்கள். பெரும்போர் என்று பொருள்பட மலாயில் பிராங் புசார் என்று பெயர் வைத்தார்கள். மரம் வெட்டும் தோழர்களுக்கு அந்தப் பெயர் தெரியும், பி.பி. 86, பி.பி. 217, பி.பி. 260 என்று நாம் சொல்லும் கன்று வகைகளில் வரும் "பி.பி." அந்தப் பிராங் புசார்தான். 1995-ல் அங்கே புதிய நிர்வாகத் தலைநகரின் வேலை தொடங்கியது. சுவாவ், பீசா என்னும் இரண்டு சிற்றாறுகளை மறித்து, சுமார் 400 ஹெக்டேர் பரப்பில் ஏரியும், அதற்கு வரும் தண்ணீரை வடிகட்டச் சுமார் 200 ஹெக்டேரில் ஈரநிலமும் அமைத்தார்கள். 1999-ல் பிரதமர் அலுவலகம் அங்கே மாறியது. 2001-ல் அது கூட்டரசுப் பிரதேசமாயிற்று. இன்று அந்த ஏரியைப் பார்க்க வெளிநாட்டார் வருகிறார்கள்; படகில் சுற்றுகிறார்கள்.

அங்கே மரம் வெட்டியவர்கள் எங்கே போனார்கள்? பிராங் புசாரும் அதை ஒட்டிய தோட்டங்களும் காலியானபோது, நம் குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டன. அந்தக் கட்டடங்களின் சுவரில் விரிசல் கண்டது. தரைவீடு தாருங்கள் என்று அவர்கள் இருபது ஆண்டுக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தாங்கள் வியர்வை சிந்திய பள்ளத்தாக்கு ஏரியாக நிரம்பியது. தங்கள் வீட்டுச் சுவர் பிளந்தது. இதை நாம் வசைக்காகச் சொல்லவில்லை. கணக்கு எழுதுகிறவர்கள் வரவையும் எழுத வேண்டும், செலவையும் எழுத வேண்டும்.

ஏரி எப்படி வந்தது?

தோழர்களே, கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டவன் வைத்த ஏரி மிகக் குறைவு. மற்றவை மனிதன் தோண்டியவை. சுங்கை பெசியில் ஹொங் பாட் ஈயச் சுரங்கம் இருந்தது. திறந்தவெளி ஈயச் சுரங்கங்களில் உலகிலேயே பெரியது என்று பெயர் வாங்கியது. ஈயம் தீர்ந்தது, பள்ளத்தில் தண்ணீர் நின்றது. அதைச் சுற்றித்தான் மைன்ஸ் என்னும் உல்லாச நகரம் வந்தது. பங்களாக்களும் ஓட்டல்களும் வந்தன. சன்வேயும் ஈயம் தோண்டிய நிலமே. கூலி இறங்கிய குழி, விடுமுறைக் குளமாயிற்று.

புதிய குடியிருப்புகளில் வரும் பல ஏரிகளுக்கு வேறொரு காரணம் உண்டு. மரமும் புல்லும் இருந்த நிலத்தில் பெய்த மழையில் பெரும்பகுதியை மண் குடிக்கும். அதே நிலத்தில் கூரையும் தாரும் சிமெண்டும் போட்டுவிட்டால், பெய்த மழை அப்படியே கால்வாய்க்கு ஓடும். கீழே இருக்கும் ஊர் முழுகும். ஆகையால் வடிகால் நீர்ப்பாசன இலாகா 2001 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நகர மழைநீர் வழிகாட்டியின்படி, நிலத்தைத் திருத்திக் கட்டுகிறவர்கள் மழைநீரைத் தேக்கி மெதுவாக வெளிவிடும் குளம் வைக்க வேண்டும். அந்தக் குளத்தின் கரையில் புல் பதித்து, நடைபாதை போட்டு, இரண்டு வாத்தை விட்டால் அது ஏரி. வெள்ளத் தடுப்புக் குளம் என்று விளம்பரம் போட்டால் யார் வருவார்கள்? ஏரிக்கரை என்றால் வருவார்கள்.

இதிலும் தப்பில்லை. குளம் நல்லதே. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் மேல்மாடி வரை தண்ணீர் ஏறியதை நாம் மறக்கவில்லை. ஆனால் ஒரே மழை மேட்டில் இருப்பவனுக்கு அழகையும், பள்ளத்தில் இருப்பவனுக்கு ஆபத்தையும் கொண்டுவருகிறது. குளம் எங்கே வேண்டும் என்பதை வீட்டு விலை தீர்மானிக்கக்கூடாது என்பதே நம் வாதம்.

கிராணிக் கணக்கு

இனி விலைக்கு வருவோம். எங்களுக்குத் தெரிந்த தொழில் கணக்குத்தான். தோட்டம் விவசாய நிலமாக இருக்கும் வரை ஏக்கர் கணக்கில் விலை பேசுவார்கள். மாநில அரசு அதைக் கட்டட நிலமாக மாற்ற அனுமதித்ததும் சதுர அடிக் கணக்கு வந்துவிடும். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. பேச்சுக்குச் சதுர அடி 50 வெள்ளி என்று வைத்தால், ஏக்கர் 21 லட்சத்து 78 ஆயிரம் வெள்ளி. மண் அதே மண். மழையும் அதே மழை. மாறியது பத்திரத்தில் உள்ள ஒரு சொல்.

அந்த நிலத்தில் கட்டும் ஏரிக்கரைப் பங்களா ஒரு மில்லியன் வெள்ளிக்கு மேல் போவது இன்று சாதாரணம். ஒரு மில்லியன் என்றே வைத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி; ஆண்டுக்கு 20,400. ஒரு காசும் செலவழிக்காமல், சாப்பிடாமல், பிள்ளைக்குப் புத்தகம் வாங்காமல் சேர்த்தால் 49 ஆண்டு ஆகும்.

"நாங்கள் பட்டதாரிகள், எங்களுக்கு வங்கி கடன் தரும்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். சரி, அதையும் பார்ப்போம். ஒரு லட்சம் கையிலிருந்து போட்டு, ஒன்பது லட்சம் கடன் வாங்குகிறோம். பேங்க் நெகாரா 2013-ல் விதித்த வரம்பின்படி 35 ஆண்டுக்கு மேல் வீட்டுக் கடன் கிடையாது. வட்டி 4 விழுக்காடு என்று வைத்தால், மாதத் தவணை ஏறத்தாழ 3,985 வெள்ளி. 35 ஆண்டில் கட்டி முடிக்கும் தொகை 16 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல். ஒன்பது லட்சத்துக்கு வட்டி மட்டும் ஏழரை லட்சத்தைத் தாண்டுகிறது. இதற்கு மேல் காவல் கட்டணம், பராமரிப்புக் கட்டணம் மாதம் தவறாமல் உண்டு. பல இடங்களில் சாலை, புல்வெளி எல்லாம் குடியிருப்போரின் பொதுச் சொத்து. அவற்றைக் காக்கும் செலவும் அவர்கள் தலையில்தான். புருஷனும் பெண்சாதியும் இருவரும் இருட்டில் போய் இருட்டில் வந்தால், அந்த ஏரியை யார் பார்ப்பது? வீட்டு வேலைக்கு வரும் அக்காதான் சன்னலைத் துடைக்கும்போது பார்க்கிறார்.

விலைக்குள் என்ன இருக்கிறது?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அதே அளவு வீட்டை, அதே சிமெண்ட், அதே ஓடு போட்டு, லாரி ஓடும் ரோட்டோரம் கட்டினால் இந்த விலை வராது. அப்படியானால் விலை எதற்கு? தண்ணீருக்கு, நிழலுக்கு, அமைதிக்கு, பயமில்லாத தெருவுக்கு. இவை யாவும் பொதுவில் அனுபவிக்கும் பொருள்கள். தனி வீடு என்று விளம்பரம் செய்கிறார்கள்; ஆனால் காசு கொடுத்து வாங்குவது பொது இடத்தை.

இந்தப் பொது இடம் நமக்குப் புதிதா? பழைய லயத்து வாழ்வை யாரும் தங்கமாக்கிப் பேச வேண்டாம். ஒரு குழாய்க்கு எத்தனை வாளி வரிசையில் நின்றது, கக்கூஸ் எங்கே இருந்தது என்பதை நம் தாய்மார்கள் மறக்கவில்லை. என்றாலும் திடல் இருந்தது. கோயில் முன் மரத்தடி இருந்தது. ஆயக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு நிரைக்குப் போனோம். ஒரு வீட்டில் சாவு என்றால் ஐம்பது வீட்டில் அடுப்பு எரியவில்லை. இன்று மில்லியன் கொடுத்து வாங்குகிறவன் தேடுவதில் பாதி நம்மிடம் இருந்தது. நம்மிடம் இல்லாதது ஒன்றே ஒன்று: நிலத்தின் கிராண்ட். கையில் அந்தக் காகிதம் இல்லாததால், தோட்டம் விற்றபோது திடலும் மரத்தடியும் சேர்ந்தே போயின.

சட்டமும் அங்கேதான் நின்றுவிட்டது. 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், வேலை செய்யும் வரை வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. வேலை முடிந்தபின் அந்த வீடு யாருடையது என்ற கேள்விக்கு அதில் நமக்குச் சாதகமான பதில் இல்லை.

சீமையிலும் ஒரு கிராணி

பசுமையும் வீடும் கலந்த ஊர் என்ற எண்ணத்தை முதலில் பெரிதாகச் சொன்னவர் யார் தெரியுமா? இங்கிலாந்தில் எபனேசர் ஹோவர்ட் என்பவர். நாடாளுமன்றப் பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுத்து எழுதுவது அவர் தொழில். நம் பாஷையில் சொன்னால் அவரும் ஒரு கிராணிதான். 1898-ல் அவர் தோட்ட நகரம் என்னும் திட்டத்தை வெளியிட்டார். 1903-ல் லெட்ச்வொர்த் என்னும் ஊர் அதன்படி தொடங்கப்பட்டது.

மரமும் புல்லும் அவர் திட்டத்தில் பாதி மட்டுமே. மறு பாதி இது: ஊர் நிலம் முழுவதும் ஊர்ப் பொறுப்பில் இருக்க வேண்டும்; ஊர் வளரும்போது நில வருமானம் ஏறும்; ஏறிய பணம் ஊருக்கே திரும்பி வர வேண்டும். அந்தப் பணத்தில் வயோதிகருக்கு உதவி தரலாம் என்றுகூட அவர் எழுதினார். லெட்ச்வொர்த்தில் இன்றும் ஓர் அறநிறுவனம் அந்த நில வருமானத்தை ஊர் நலனுக்குச் செலவிடுகிறது. நம் நாட்டு விளம்பரப் பலகைகள் முதல் பாதியை எடுத்துக்கொண்டன. இரண்டாம் பாதியை விட்டுவிட்டன.

நம்மால் முடியுமா?

"அதெல்லாம் வெள்ளைக்காரன் செய்வான்" என்று யாரும் சொல்ல வேண்டாம். 1950களில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது நம்மவர் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். அந்தத் துண்டாடலை உங்கு அசிஸ் தலைமையில் ஆராய்ந்து அறிக்கை எழுதினார்கள். 1960-ல் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். மாதம் பத்து வெள்ளி கட்டினார்கள் நம் பாட்டன் பாட்டிமார். அந்தப் பத்து வெள்ளியிலிருந்து தோட்டங்களே வாங்கப்பட்டன. கூலிக்காரன் நிலம் வாங்க முடியாது என்ற பேச்சு அன்றே பொய்த்துப்போயிற்று.

சேர்ந்து கேட்காத இடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். கோலாலம்பூர் புக்கிட் கியாரா தோட்டத்தை 1980களில் அரசு எடுத்துக்கொண்டது. தொழிலாளர் குடும்பங்கள் தற்காலிக நீள்வீட்டில் வைக்கப்பட்டன. தற்காலிகம் என்ற சொல் பல பத்தாண்டு நீண்டது. பிறகு அங்குள்ள பூங்காவில் உயரமான ஆடம்பர அடுக்குமாடிகளைக் கட்டி, கூடவே இவர்களுக்கும் வீடு தருவதாகத் திட்டம் வந்தது. பூங்கா போய்விடும் என்று சுற்றியிருந்த குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதியைச் செல்லாது என்றது. பூங்கா கேட்டவன் கேட்டது நியாயம். வீடு கேட்டவன் கேட்டதும் நியாயம். மாளிகையோடு கட்டி வைத்ததால் அந்த ஏழை வீடும் அதோடு நின்றது.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. பெஸ்தாரி ஜெயாவை அடுத்த சுங்கை திங்கி தோட்டத்தில், ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் 245-க்குத் தரைவீடு கட்டும் திட்டம் 2024-ல் தொடக்கி வைக்கப்பட்டது. பல ஆண்டு மனுவும் கூட்டமும் அதற்கு முன்னால் இருந்தன. ஏறாத படி இல்லை, கேளாத காது இல்லை. ஆயினும் விடாமல் கேட்டார்கள்.

ஆகவே தோழர்களே, சொல்ல வந்ததைச் சுருக்கிச் சொல்கிறோம்.

பிள்ளைகளுக்கு: ஏரிக்கரை வீடு உன் சம்பளத்துக்குள் அடங்கினால் வாங்கு, நாங்கள் வாசலில் மாவிலை கட்டுகிறோம். அடங்காவிட்டால், வாங்க முடியவில்லையே என்று தலை குனியாதே. உன் சேமநிதியில் சேஜாத்ரா கணக்கு என்று ஒரு பகுதி வீட்டுக்கு எடுக்கலாம். அதை வைத்துச் சிறிய தரைவீடு ஒன்றை, கிராண்ட் உன் பெயரில் வரும்படி வாங்கு. விளம்பரப் பலகை மாறிக்கொண்டே இருக்கும், கிராண்ட் மாறாது.

கிளைகளுக்கு: தோட்டம் கைமாறப் போகிறது என்ற பேச்சு வந்த அன்றே கணக்கெடுங்கள். எத்தனை குடும்பம், எத்தனை ஆண்டு வேலை, எத்தனை பிள்ளை என்று பெயர்வாரியாக எழுதுங்கள். எழுதித்தரக் கிராணிமார் நாங்கள் இருக்கிறோம். அதே வட்டாரத்தில் தரைவீடு, பெயரில் கிராண்ட், பள்ளிக்கும் கோயிலுக்கும் திடலுக்கும் நிலம் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி ஒரு குடும்பமும் பெட்டி கட்டக்கூடாது. தற்காலிகம் என்ற சொல் காகிதத்தில் இருந்தால், எந்தத் தேதி வரை என்று பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

ஏரி வரட்டும், பூங்கா வரட்டும், நகரம் வரட்டும்; நாம் எதிர்க்கவில்லை. அந்த நகரத்தின் வரைபடத்தில் ஏரிக்கு இடம் குறிக்கும் கை, மரம் வெட்டியவன் வீட்டுக்கும் இடம் குறித்துவிட்டுப் பேனாவை வைக்கட்டும். இதுவே நம் கோரிக்கை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு கிளையும் தன் தோட்டத்துக் குடும்பக் கணக்கை எழுதிக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.